1986 போர்ஷே 944-ஆ, 2013 டொயோட்டா 86-ஆ?

கேள்வி: என் கையிருப்புக்குள் இரண்டு பழைய கூபே வந்திருக்கின்றன. ஒன்று 1986-ல் வந்த போர்ஷே 944, 2.5 லிட்டர். மீட்டர் 92,000 கி.மீ. காட்டுகிறது. டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது, அதற்கப்புறம் 8,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்கிறார் உரிமையாளர். இன்னொன்று 2013-ன் டொயோட்டா ஜிடி86, மேனுவல் கியர், 1,10,000 கி.மீ. சைலன்சரை மாற்றி, இன்ஜின் கம்ப்யூட்டரையும் ட்யூன் செய்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்கிறார்கள். வீட்டில் வேறு கார் கிடையாது. வேலைக்குப் போக வர தினமும் 45 கி.மீ. நான்கு வயதில் மகள் இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே எனக்கு 944 மேல் ஆசை. நண்பர்கள் எல்லோரும் "பழசு வேண்டாம், 86-ஐ எடு" என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பேசலாம். வீட்டுக்கு இந்த ஒரு கார்தான், தினமும் ஓட வேண்டும், குழந்தையும் ஏறும் என்றால் 86-ஐ எடுங்கள். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த 86-க்கு அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதில் எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன. 944 பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதையும் நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன். "பழசு" என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடக்கூடிய கார் இல்லை அது.

வாங்கப் போகிறவர்களுக்காகப் பழைய கார்களைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலை. இந்த இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டதும் உற்சாகமாகிவிட்டது. ஏனென்றால் வயதை மறந்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். இன்ஜின் முன்னால், ஓடுவது பின்சக்கரத்தில். நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. முன்னால் இரண்டு பேர் நன்றாக உட்காரலாம், பின்னால் பெயருக்கு இரண்டு சீட். எடை இரண்டுமே 1,200 கிலோவை ஒட்டித்தான். 944-ன் குதிரைத்திறன் 163 (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோடு போன கார்களில் கொஞ்சம் குறைவு), 86-க்கு 200.

இதில் ஒரு எண் இரண்டுக்கும் அச்சாக ஒத்துப்போகிறது. டார்க், அதாவது இழுவை. 944-லும் 205 நியூட்டன் மீட்டர், 86-லும் 205 நியூட்டன் மீட்டர். ஆனால் 944 அந்த 205-ஐ 3,000 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். 86-ல் அதே 205 வேண்டுமென்றால் 6,400 வரை முடுக்க வேண்டும். ஓட்டும்போது இந்தக் கார்களுக்குள் நீங்கள் உணரப்போகிற வித்தியாசத்தில் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது.

944-ல் மூன்றாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், கியரைக் குறைக்காமலேயே அடியிலிருந்து தள்ளிக்கொண்டு கிளம்பும். காரணம் அந்தப் பெரிய சிலிண்டர்கள். ஒவ்வொரு பிஸ்டனும் 100 மி.மீ. அகலம், சிலிண்டருக்கு 620 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜினில் சிலிண்டர் இவ்வளவு பெரிதாக இருந்தால் உதறும். அந்த உதறலை அடக்கத்தான் இன்ஜினின் இரண்டு பக்கமும் பேலன்ஸ் ஷாஃப்ட் என்று ஒன்றை வைத்தார்கள். இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் அது இரண்டு சுற்று சுற்றும். அந்த ஏற்பாட்டுக்கான காப்புரிமை மிட்சுபிஷியிடம் இருந்ததால் போர்ஷே அவர்களுக்கு உரிமத் தொகை கொடுத்து வாங்கியது. 86-ன் இன்ஜினோ சுபாருவோடு சேர்ந்து செய்தது, காரே ஜப்பானில் குன்மாவில் உள்ள சுபாரு தொழிற்சாலையில்தான் தயாரானது. சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். பிஸ்டனின் அகலமும் 86 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரமும் 86 மி.மீ. இன்ஜின் தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் வளைவில் கார் சாய்வது குறைவு. ஆனால் 3,500-லிருந்து 4,500 ஆர்பிஎம் வரைக்கும் இழுவையில் ஒரு பள்ளம் உண்டு. முந்துவதற்காக அழுத்தும்போது ஒரு கணம் மூச்சு வாங்கும், அதைத் தாண்டினால் 7,000 வரை சந்தோஷமாகக் கத்திக்கொண்டு போகும். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 944-க்கு 8.4 விநாடி, 86-க்கு 7.6. ஒரு விநாடிகூட இல்லாத அந்த வித்தியாசத்துக்காக யாரும் கார் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

ஸ்டீயரிங் பற்றி ஒரு வார்த்தை. மின் ஸ்டீயரிங் என்றாலே மரத்துப்போனது என்று ஒரு எண்ணம் உண்டு. 86 அப்படி இல்லை, நன்றாகவே பேசும். இருந்தாலும் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் எல்லாம் சரியாக இருக்கும் ஒரு 944-ஐ ஓட்டினால், முன்சக்கரம் எதன்மேல் ஏறியது என்பது விரலிலேயே தெரிந்துவிடும். அதன் கியர்பாக்ஸ் பின் ஆக்ஸிலோடு சேர்ந்து பின்னால் இருக்கிறது. அதனால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. உங்கள் சின்ன வயது ஆசைக்கு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லவே இவ்வளவு எழுதினேன்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

"பெல்ட் மாற்றி 8,000 கி.மீ.தான் ஆகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வருடம் மாற்றினார் என்று எழுதவில்லை. அவர் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பெல்ட் ரப்பர். ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் காயும். ஷெட்டில் துணி போர்த்தி நிறுத்தி வைத்து, மாதம் ஒரு முறை வெளியே எடுத்த காராக இருந்தால் அந்த 8,000 கி.மீ. ஓட பத்து வருடம்கூட ஆகியிருக்கலாம். 944-ஐ நன்கு தெரிந்த மெக்கானிக்குகள் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் நான்கு வருடத்துக்கு ஒரு முறை பெல்ட்டை மாற்றிவிடுவார்கள். அதுவும் ஒரு பெல்ட் இல்லை, இரண்டு. ஒன்று டைமிங்குக்கு, இன்னொன்று அந்த பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளுக்கு. இழுவிசையை அளந்து வைக்க வேண்டும், கொஞ்சம் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். வாட்டர் பம்ப்பையும் டைமிங் பெல்ட்தான் சுற்றுகிறது. பம்ப்பின் பேரிங் மாட்டிக்கொண்டால் பெல்ட்டும் போய்விடும். அதனால் பெல்ட் மாற்றும்போதே பம்ப், டென்ஷனர் ரோலர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒருவர், இதே மாதிரி பெல்ட் வைத்த வேறொரு பழைய கூபேயை வாங்கினார். பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை. மாற்றிவிட்டு ஓட்டுங்கள் என்று சொன்னேன். இந்த மாதம் செலவு அதிகம், அடுத்த மாதம் செய்துவிடுகிறேன் என்றார். பத்து நாளில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இன்ஜினின் மேல்பகுதியை, அதாவது ஹெட்டைக் கழற்றும்போது நானும் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு பிஸ்டனின் தலையிலும், மெழுகில் நகத்தால் அழுத்தினால் விழுமே, அந்த மாதிரி பிறை வடிவத்தில் ஒரு பள்ளம். பெல்ட் அறுந்ததும் பிஸ்டன்கள் போய் வால்வுகளில் இடித்த தடம் அது. வால்வுகள் ஒன்றுகூட நேராக இல்லை. அறுந்த பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் கறுப்பாகப் புதுசு மாதிரி இருந்தது. பின்பக்கமாக மடித்தபோதுதான் பற்களின் அடியில் வரிசையாக மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. அதனால் "திறந்து பார்த்தேன், பெல்ட் நல்லா இருக்கு" என்று யார் சொன்னாலும் நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தேதி போட்ட பில் வேண்டும். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

பெல்ட்டோடு முடிந்துவிடுவதில்லை. ஏறக்குறைய நாற்பது வயது ஆன காரில் ரப்பர் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இதே கதைதான். இன்ஜினுக்கும் ஆயில் கூலருக்கும் நடுவில் இருக்கும் சீல்கள் இறுகிப்போனால் ஆயில் கூலன்ட்டில் கலக்கும். கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி ஒட்டியிருக்கும். இன்ஜினைத் தாங்கும் மவுன்ட்டுகளுக்குள் திரவம் உண்டு. அது வடிந்துபோய் மவுன்ட் அமுங்கிவிட்டால், பேலன்ஸ் ஷாஃப்ட் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் ஐடிலில் ஸ்டீயரிங் அதிரும். அந்தக் காலத்து கிளட்ச் தட்டின் நடுவிலும் அதிர்வைத் தாங்க ரப்பர்தான் வைத்திருந்தார்கள். அது துண்டு துண்டாகப் போய்விடும். 944-ல் கிளட்ச் என்பது சின்ன வேலை இல்லை. கிளட்ச் முன்னால் இன்ஜினோடு இருக்கிறது, கியர்பாக்ஸ் பின்னால் இருக்கிறது, நடுவில் நீளமாக ஒரு குழாய். அதற்குள் இன்ஜின் வேகத்திலேயே சுற்றும் ஒரு ஷாஃப்ட். கிளட்ச்சைத் தொட வேண்டுமென்றால் எக்ஸாஸ்டை இறக்கி, கியர்பாக்ஸை இறக்கி, குழாயைப் பின்னால் தள்ளினால்தான் வழி கிடைக்கும். இதை வழக்கமாகச் செய்கிற கையே நாள் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது பெட்ரோல் ஹோஸ்கள். இன்ஜின் மேல் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்தால், அழுத்தத்தோடு வரும் பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் பீய்ச்சும். 944-ஐப் பார்க்கப் போனால் பானட்டைத் திறந்ததும் முதலில் அந்த ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தாலோ, மேலே நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ, பெட்ரோல் வாசனை வந்தாலோ அன்றைக்கு அந்தக் காரை ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

அப்புறம் அந்த 92,000 கி.மீ. அதையும் நம்பிவிடாதீர்கள். உரிமையாளரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. 944-ன் ஓடோமீட்டருக்குள் ஒரு குட்டி பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது. வயதானால் அது பொடிந்துவிடும். வேகமானி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும், கிலோமீட்டர் மட்டும் நின்றுபோயிருக்கும். வாங்கினவருக்கே தெரியாமல் வருடக்கணக்கில் அப்படி ஓடிய கார்கள் உண்டு. ஓட்டிப் பார்க்கப் போகும்போது கிளம்புமுன் மீட்டரின் கடைசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். இப்போது ஓடினால்கூட நடுவில் எவ்வளவு காலம் நின்றிருந்தது என்று சொல்ல முடியாது. பழைய சர்வீஸ் பில்களில் வருடவாரியாக எழுதியிருக்கும் கிலோமீட்டர் வரிசையாக ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

துரு விஷயத்தில் மட்டும் 944-க்கு நல்ல மதிப்பெண். உடல் முழுதும் துத்தநாகம் பூசிய தகடு. அந்தக் காலத்துக் கார்களில் இது பெரிய விஷயம். இருந்தும் பேட்டரி வைக்கும் தட்டைப் பாருங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, இன்ஜின் அறையின் பின்மூலையில் இருக்கும். ஆசிட் கசிந்து அந்தத் தட்டை அரித்துவிட்டால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே கால் வைக்கும் இடத்துக்கு இறங்கும். மேலே மிதியடி காய்ந்திருந்தாலும் அதைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பாருங்கள்.

இனி 86. இதில் ரப்பருக்கு இன்னும் பெரிய வயதாகவில்லை, டைமிங்குக்கு பெல்ட்டுக்குப் பதில் செயின். பெட்ரோலை சிலிண்டருக்குள்ளும் தெளிக்கும், அதற்கு முன்னால் வால்வின் பின்பக்கமும் தெளிக்கும். அதனால் உள்ளே நேராக மட்டும் தெளிக்கும் இன்ஜின்களில் வால்வில் கரி சேர்ந்து மிஸ்ஸிங் அடிக்குமே, அந்தத் தொல்லை பெரிதாக வராது. காரைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய கவலை இல்லை. முன்னால் வைத்திருந்தவர் எப்படி ஓட்டினார் என்பதுதான் கவலை. இந்தக் காரை விரும்பி வாங்குகிறவர்களில் நிறையப் பேர் பின்பக்கத்தை வழுக்கவிட்டு விளையாட விரும்புகிறவர்கள். காரின் குணமும் அப்படி, விற்கும்போதே அதைச் சொல்லித்தான் விற்றார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த விளையாட்டுக்கான தேய்மானத்தை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

உங்கள் 86 ட்யூன் செய்த கார். ட்யூன் என்றாலே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். நான் சொன்னேனே, அந்த 3,500 ஆர்பிஎம் பள்ளம், முன் எக்ஸாஸ்ட் குழாயை மாற்றி நல்ல கையால் ட்யூன் செய்தால் அது கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அப்படி ஒரு காரை ஓட்டிப் பார்த்தால் கம்பெனியே இப்படிக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் இந்த இன்ஜினின் கம்ப்ரெஷன் விகிதம் 12.5-க்கு 1. சாதாரண பெட்ரோல் இன்ஜினுக்கு இது மிக அதிகம். ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல்தான் போட வேண்டும். எந்த பெட்ரோலுக்காக ட்யூன் செய்தார்களோ அதைவிடக் குறைந்ததைப் போட்டால் இன்ஜின் உள்ளுக்குள் தட்ட ஆரம்பிக்கும். அதனால் யார் செய்தது, எந்த பெட்ரோலுக்குச் செய்தது, கம்பெனி புரோகிராம் திரும்ப ஏற்ற முடியுமா, கழற்றிய சைலன்சர் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கோர்வையாகப் பதில் சொல்கிறவராக இருந்தால் அவர் காரை அக்கறையாக வைத்திருந்தவர். "ஃபிரெண்டு ஒருத்தன் போட்டுக் கொடுத்தான், சூப்பரா போகுது" என்றால் வேறு 86 தேடுங்கள். வேண்டிய அளவுக்குச் சந்தையில் இருக்கின்றன, ஒன்றை விட்டால் இன்னொன்று கிடைக்கும். நல்ல 944 அப்படிக் கிடைக்காது.

2013 என்பதால் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். 2018 இறுதியில் இந்த இன்ஜின்களின் வால்வு ஸ்பிரிங் உடையலாம் என்று சொல்லி 2012, 2013-ல் தயாரான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். உங்கள் கார் அதில் வருகிறதா, வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் டொயோட்டா சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள். முடியவில்லை என்றால் ஆபத்து என்பது தெரிந்ததே. முடிந்திருந்தாலும் நான் ஒரு படி மேலே போய்ப் பார்ப்பேன். அந்த ஸ்பிரிங்கை மாற்ற இன்ஜினையே வெளியே இறக்கி, பாதி பிரித்து, மறுபடி சீலன்ட் பூசி மூட வேண்டும். பூசும்போது கை தாராளமாகப் போய்விட்டால், அதிகமான சீலன்ட் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து ஆயிலோடு போய் அடியில் ஆயிலை உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். அப்புறம் பேரிங்குக்கு ஆயில் போகாது. வேலை நடந்த காராக இருந்தால் ஆயில் பானைக் கழற்றி அந்தச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் மாற்றும் வேலையோடு சேர்த்துச் செய்தால் பெரிய செலவில்லை. உரிமையாளர் மறுத்தால், செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் காரணம் இருக்கும்.

மற்றபடி 86-ல் நீங்களே கவனிக்கக்கூடியவை சில. ஐடிலில் சில்வண்டு மாதிரி கிரீச் கிரீச் என்று சத்தம் வரலாம். பானட்டிலிருந்து வந்தால் பெட்ரோல் பம்ப்பின் சத்தமாக இருக்கும், பயப்பட வேண்டாம். கிளட்ச்சின் மேல் லேசாகக் கால் வைத்ததும் சத்தம் மாறினாலோ நின்றாலோ அது ரிலீஸ் பேரிங். அதை மாற்ற கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், விலை பேசும்போது அதைச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினில் இரண்டாம் கியர் கொஞ்சம் கடினமாக விழுவது இந்தக் காரில் சகஜம். சூடானபின்னும் கரகரத்தால் சகஜம் இல்லை. பின்சக்கரத்தின் உள்பக்கம், ஃபெண்டருக்குள் ரப்பர் துணுக்குகள் அப்பியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்டயர் இரண்டும் புத்தம் புதுசு, முன்டயர் அரைவாசி தேய்ந்தது என்றால், வழுக்கவிட்ட காராக இருக்கலாம் என்று நான் சந்தேகப்படுவேன்.

இப்போது மகளைப் பற்றி. எனக்கு இந்தக் கேள்வியில் முடிவைச் சொல்லியது இதுதான். 1986-ன் 944-ல் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. அந்தக் காருக்கு ஏபிஎஸ்ஸே அடுத்த வருடத்திலிருந்துதான் வாங்குகிறவர் விருப்பத்துக்கு வந்தது. ஈர ரோட்டில் திடீரென்று பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், காலை விட்டு விட்டு மிதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தனியாக, முழுக் கவனத்தோடு ஓட்டுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. களைத்துப்போய் வீடு திரும்பும் மாலையில், பின்னால் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது அதை நான் ஏற்க மாட்டேன். 86-ல் ஏபிஎஸ், வழுக்கினால் தானே பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ஏர்பேக்குகள், பின்சீட்டில் குழந்தை சீட்டைக் கொக்கி போட்டு மாட்டும் ஏற்பாடு எல்லாம் உண்டு.

தினசரி ஓட்டத்துக்கு இன்னொரு சின்ன விஷயம்: ஏசி. 1986 காரில் ஆர்12 என்ற வாயுவுக்காகச் செய்த ஏசி. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று உலகம் முழுக்க அந்த வாயுவை நிறுத்தி எத்தனையோ வருடமாகிவிட்டது. இந்தக் காரில் அதை ஆர்134ஏ-வுக்கு மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மாற்றியிருந்தாலும் பழைய அளவுக்குக் குளிர்ச்சி வருவது அரிது.

944-ஐ மறந்துவிடச் சொல்லவில்லை. வீட்டில் இன்னொரு கார் இருக்கும் காலம் வரட்டும். அப்போது கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது பில் கட்டோடு வரும் 944-ஐ எடுங்கள். மலிவாகக் கிடைக்கும் 944 கடைசியில் அதிகச் செலவு வைக்கும். போர்ஷே 1.6 லட்சத்துக்கும் மேல் 944 செய்திருக்கிறது, தேய்ந்து போகும் பாகங்கள் அநேகமாக எல்லாமே இன்றும் கிடைக்கின்றன. இப்போது பார்த்திருக்கும் இந்த 944-ஐயே விட மனம் வரவில்லை என்றால், உரிமையாளரிடம் பில்லை மட்டும் கேளுங்கள். நான்கு வருடத்துக்குள் தேதியிட்ட பெல்ட் பில், வாட்டர் பம்ப் சேர்த்து, அதோடு கிளட்ச் மாற்றியதற்கும் சீட்டு இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்த மாதிரி 944-ஐ வேண்டாமென்று சொல்ல எனக்கே மனம் வராது. அப்படி இருந்தால் தினமும் போக வர ஒரு சாதாரண சின்னக் காரும், இதுவுமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

86-ஐப் பார்க்கக் காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் ஒரு நிமிடத்தில் போடும் சத்தத்தைக் கேட்காமல் வாங்கக் கூடாது. போகும்போது மகளின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பின்னால் மாட்டிவிட்டு, முன்சீட்டை உங்கள் உயரத்துக்குத் தள்ளி, மகளையும் ஏற்றி உட்காரவைத்துப் பாருங்கள். டிரைவர் பக்கத்துக்குப் பின்னால் அவள் காலுக்கு இடம் இருக்காது. இன்னொரு பக்கம் மாட்டினால், பக்கத்து சீட்டில் வருகிறவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டும். அவருக்கு அது சம்மதமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.